மாநகர மன்றத்தில் ஒரு வழக்கறிஞர்



நகராட்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன குழாயும் சாக்கடையும் வரிச்சீட்டுமே. குடிமைப் பயிற்சி வகுப்பில் அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர் சிலர் கொட்டாவி விடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும், அந்தக் குழாயையும் சாக்கடையையும் பற்றிய வாதங்களிலேதான் நம் நாட்டு மக்கள் தன்னாட்சியின் அரிச்சுவடியைப் பயின்றார்கள். அதனைப் பயிற்றிய பெரியோருள் ஒருவர் பிரோஸ்ஷா மேத்தா.

அவர் 1845-ஆம் ஆண்டில் பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்து சென்று, 1868-இல் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார்.

அந்நாளில் நகராட்சிக் கமிஷனராக விளங்கியவர் ஆர்தர் கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேயர். அவர் சாலைகள் அமைத்தார். பெரிய அங்காடி எழுப்பினார். நகரின் துப்புரவைப் பேணினார். ஆனால், பொதுப்பணத்தைத் தண்ணீராய்ச் செலவிட்டார். வரி கொடுத்தோர் வெகுண்டெழுந்தனர். கமிஷனரின் அதிகாரத்தையே பறித்துவிட வேண்டும் என்று கிளர்ச்சி செய்தனர்.

1871-இல் ஒரு பொதுக்கூட்டத்தில், இருபத்தாறு வயதே நிரம்பிய மேத்தா எழுந்து ஒரு கட்டுரை படித்தார். கமிஷனர் செய்த நற்பணிகளை மறத்தல் நன்றன்று. நகரை நடத்த அதிகாரம் பெற்ற ஒருவர் வேண்டும். அவரைத் தட்டிக் கேட்க வரி கொடுப்போர் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமையே குறை. ஆகவே அமைப்பைத் திருத்துங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கூட்டத்தினர் கூச்சலிட்டனர். அவரோ தம் கருத்தினின்றும் பிறழவில்லை.

மறு ஆண்டு வந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியையே தழுவியது. மன்றத்தின் 64 இடங்களில் 32 இடங்களுக்கு வரி செலுத்துவோர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். வரி செலுத்த இயலாத ஏழைக்கு அன்று வாக்கில்லை. அக்குறையை நாம் மறைத்தல் ஆகாது. எனினும் வாயில் திறந்துவிட்டது. பின்னர் 1888-இல் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டத்தை உருவாக்குவதிலும் மேத்தா பெரும்பங்கு கொண்டார். பலமுறை திருத்தப்பெற்ற அச்சட்டமே மும்பை மாநகராட்சிக்கு இன்றும் அடிப்படை.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவர் அம்மன்றத்தில் பணியாற்றினார். பலமுறை தலைவராக வீற்றிருந்தார். 1890-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய பின்னரும், நகர மன்றத்தைச் சிறிதென்று அவர் எண்ணினாரல்லர்.

அவருடைய செல்வாக்கைப் பொறாத ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1907-இல் ஒன்றுகூடி, அவரைத் தேர்தலில் வீழ்த்த முனைந்தனர். பதினாறு இடங்களுக்கு நடந்த போட்டியில் மேத்தா பதினேழாவதாக வந்தார்! ஆனால், வென்றோருள் ஒருவரின் தேர்வு சட்டப்படி செல்லாதென முடிவாகவே, அவ்விடம் மேத்தாவுக்குக் கிட்டியது. சட்டத்தை மதித்து வாழ்ந்தவருக்குச் சட்டமே துணை நின்றது எனலாம்.

1915-இல் அவர் மறைந்தார். மும்பை மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னர் அவருடைய சிலை நிற்கிறது.

இளைஞர்களே, உங்கள் தெருவில் விளக்கு எரியாவிடில் யாரோ ஒருவரை ஏசிவிட்டு வீடு திரும்புதல் எளிது. அவ்விளக்குக்கு யார் பொறுப்பு, அவரைக் கேட்கும் உரிமை யாருக்கு என்று ஆராய்தல் அரிது. அந்த அரிய செயலையே மேத்தா தம் இருபத்தாறாம் வயதில் செய்தார். நீங்களும் அவ்வயதை எட்டும் நாள் தொலைவில் இல்லை.