ஓட்டு இல்லாதவர்களின் வரிசை



உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் பேசுகிற மண்டபத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் நாடுகளின் பெயர்ப்பலகைகள். ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் அந்த நாட்டு அதிகாரிகள். எல்லோருக்கும் கடைசியில் சில வரிசைகள் உண்டு. அங்கே உட்காருகிறவர்கள் பார்வையாளர்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு அங்கேதான் இடம். பூச்சிமருந்துக் கம்பெனிகளின் ஆட்களும் அதே வரிசைதான், அது வேறு கதை. ஓட்டு கிடையாது. நாடுகள் பேசி முடித்து, நேரம் மிச்சமிருந்து, தலைவரும் மனம் வைத்தால் இரண்டு வார்த்தை பேசலாம்.

அப்படியிருக்க, இவர்கள் சொல்வது எப்படி எடுபடுகிறது? ஓசோன், திமிங்கலம், பருவநிலை என்று எத்தனையோ உதாரணம் சொல்லலாம். இந்த நேரத்துக்குள் எல்லாம் அடங்காது. எனக்குப் பழக்கம் பூச்சிமருந்துப் பிரச்சினை. அதையே சொல்கிறேன்.

1998-ல் மான்ட்ரியலில் ஒரு பேச்சுவார்த்தை தொடங்கியது. மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல், உடம்புக் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகிற நச்சு ரசாயனங்களை உலகம் முழுக்க ஒழிப்பதற்கான பேச்சு. டி.டி.டி., பி.சி.பி. எல்லாம் அந்தப் பட்டியலில். அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர்கள் இனுயிட் மக்கள். பள்ளிக்கூடத்தில் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள்தான். அவர்கள் ஊரில் பருத்தி கிடையாது, பூச்சிமருந்துக் கடை கிடையாது, தொழிற்சாலை கிடையாது. ஆனால் 1980-களின் கடைசியில் வட கியூபெக்கில் இனுயிட் தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, தெற்கே நகரங்களில் வாழும் பெண்களின் பாலில் இருந்ததைவிடப் பல மடங்கு பி.சி.பி. இருந்தது. வெப்ப நாடுகளில் ஆவியாகிற நஞ்சு காற்றோடு வடக்கே போகிறது, குளிரில் இறங்குகிறது, மீனுக்குள் போகிறது, மீனைத் தின்னும் சீலுக்குள் போகிறது, சீலைத் தின்னும் மனிதருக்குள் வந்து சேர்கிறது.

1999 ஜனவரியில் நைரோபியில் அடுத்த கூட்டம். இனுயிட் அமைப்பின் சார்பில் வந்திருந்த ஷீலா வாட்-க்ளூட்டியர், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர் கிளாஸ் டோப்ஃபரிடம் ஒரு சிற்பத்தைக் கொடுத்தார். தாயும் குழந்தையுமாக ஒரு சிறிய கைவேலை. டோப்ஃபர் அதைப் பேச்சுவார்த்தையின் தலைவர் ஜான் பூசினியிடம் கொடுத்துவிட்டார். பூசினி அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் தன் மேசைமேலேயே வைத்துக்கொண்டார். ஜெனிவா, பான், ஜோகன்னஸ்பர்க் என்று பேச்சு இழுத்துக்கொண்டே போன காலத்தில் அந்தத் தாயும் பிள்ளையும் முன்மேசையில் இருந்தார்கள்.

நேயர்களே, எனக்கு இந்தக் கதைமேல் தனி ஆசை. எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். காரணம் இதுதான். ஒரு காற்புள்ளிக்காக நள்ளிரவுவரை சண்டை போடுகிற கூட்டம் அது. அதிகாரி தலையைத் தூக்கினால் எதிரே ஒரு தாய். ‘இந்த விலக்கைக் கொடுத்தால் அவள் பாலில் எவ்வளவு கூடும்?’ என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் ஒப்பந்தம் நிறைவேறியபோது, ஆர்க்டிக் பகுதியும் அதன் பூர்வகுடிகளும் தனியான ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது அதன் முகவுரையிலேயே ஏறியிருந்தது.

ஆனால் சிற்பம் மட்டும் போதாது. அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு சல்லடை உண்டு. ஒரு ரசாயனம் ஓர் ஊரையே நோயில் தள்ளினாலும் அது மட்டும் தடைக்குக் காரணமாகாது. அது நீண்ட நாள் அழியாமல் இருக்கிறதா, உயிர்களின் உடம்பில் சேர்கிறதா, வெகுதூரம் பயணம் செய்கிறதா, கேடு விளைவிக்கிறதா? நான்குக்கும் சான்று வேண்டும்.

இங்கேதான் காசர்கோடு வருகிறது. கேரளத்தின் வடகோடியில் அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். மலைச்சரிவில் தெளித்த மருந்து கீழே கிணற்றுக்கும் ஓடைக்கும் வராமல் எங்கே போகும்? பாட்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகனகுமார், தன்னிடம் வருகிற நோய்களின் வகையைக் கவனித்து எழுதிவைத்தார். பத்திரிகையாளர் ஸ்ரீ பாட்ரே எழுதினார். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-ல் உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். 2001-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஊர் மாதிரிகளைத் தன் ஆய்வகத்தில் சோதித்தது. முடிவைக் கம்பெனிகள் ஏற்கவில்லை, பெரிய சண்டை. திருவனந்தபுரத்துத் தணல் போன்ற அமைப்புகள் இந்தக் காகிதங்களையெல்லாம் சேர்த்து வெளிநாட்டுத் தோழமை அமைப்புகளிடம் கொண்டுபோயின.

இந்தக் காகிதம் சேர்க்கிற வேலை இருக்கிறதே, அதில் புகழும் இல்லை, போட்டோவும் இல்லை. நாங்கள் ஒரு முறை பருத்திக்காட்டுக் கிராமம் ஒன்றில் கூட்டம் போட்டோம். மருந்து அடித்த அன்றைக்கு மயக்கம், வாந்தி, கண்ணெரிச்சல் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என்ன மருந்து, என்றைக்கு என்று கேட்டால், ‘நீலக் கலர் டப்பா சார், மழைக்கு முந்தி’ என்றார்கள். கடைசியில் ஒரு பாட்டி சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து மடித்த சீட்டொன்றை எடுத்தார். பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. தேதி, பெயர், டாக்டர் எழுதிய மருந்தின் பேர், எல்லாம் இருந்தது. அன்றைக்கு எங்கள் அறிக்கையில் சான்றாக நின்றது அந்த ஒன்றுதான்.

சரி, ஜெனிவாவுக்குப் போவோம். 2007-ல் எண்டோசல்பானை ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்க ஐரோப்பிய நாடுகள் முன்மொழிந்தன. அது ஆர்க்டிக் காற்றிலும் பனியிலும் காணப்பட்டது, ஆகவே சல்லடைக்குள் வந்தது. நம்முடைய கஷ்டத்துக்கு வாசல் திறந்தது வடதுருவத்துப் பனி, பாருங்கள். விஞ்ஞானிகள் குழு ஆண்டுக்கணக்கில் அலசி, 2010 அக்டோபரில் தடைக்குப் பரிந்துரைத்தது. மிகப் பெரிய உற்பத்தியாளரான இந்தியா எதிர்த்தபடியே இருந்தது. 2011 ஏப்ரல் 25 அன்று ஜெனிவாவில் மாநாடு தொடங்கியது. அதே நாளில் திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் அச்சுதானந்தன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தேசத்தின் குரல் ஒன்று, மாநிலத்தின் குரல் வேறு என்று உலகமே பார்த்தது.

மண்டபத்துக்குள் கடைசியில் முட்டி நின்ற கேள்வி, ‘இதை எடுத்துவிட்டால் விவசாயி வேறு எதை அடிப்பான்?’ இதே கேள்வியை என்னிடம் கேட்காத விவசாயி இல்லை. தடை கேட்கிறவர் கையில் பதிலும் இருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் 1999-2000 காலத்தில் எண்டோசல்பானால் பருத்தி விவசாயக் குடும்பங்களில் சாவு விழுந்ததை அங்குள்ள அமைப்புகள் பதிவு செய்திருந்தன. அதோடு நிற்காமல் இயற்கைப் பருத்தி விளைவித்தும் காட்டியிருந்தன. அப்படிப்பட்ட பதில் கையில் இருக்கும்போது ‘மாற்றே இல்லை’ என்ற வாதம் தளர்ந்துபோகும்.

ஏப்ரல் 29 அன்று எண்டோசல்பான் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. இந்தியாவும் இணங்கியது. சும்மா இல்லை: பருத்தி, நெல், மிளகாய், மா என்று பயிர்வாரியாக, பூச்சிவாரியாக ஐந்தாண்டு விலக்குகள் வாங்கிக்கொண்டுதான். முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மேலும், ஒப்பந்தத்தில் வருகிற ஒவ்வொரு திருத்தத்தையும் இந்தியா தனியாக ஏற்றால்தான் அது நம்மைக் கட்டும். நம்மைக் கட்டியது உச்ச நீதிமன்றம். ஜெனிவா முடிந்து இரண்டே வாரத்தில், மே 13 அன்று, இடைக்காலத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவு 2017-ல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கடிகாரம் என்னைப் பார்க்கிறது. பேரணி, கையெழுத்து இயக்கம், ஒற்றை ஆளை அனுப்புகிற சின்ன நாடுகளுக்கு மண்டபத்தில் உதவுவது என்று இன்னும் சொல்ல நிறைய உண்டு, விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். குளோர்பைரிபாஸ் என்ற மருந்து தெரியுமல்லவா, கறையானுக்கு என்று வாங்குவோமே? 2025-ல் அதுவும் அதே பட்டியலில் ஏறியிருக்கிறது, வழக்கம்போல விலக்குகளோடு. அந்த விலக்குகளை எடுப்பதா, நீட்டுவதா என்ற பேச்சு வரும்போது கடைசி வரிசையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கையில் காகிதம் வேண்டும். மருந்து அடித்து யாருக்காவது முடியாமல் போனால் டப்பாவின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். செய்வீர்கள் என்று நம்புகிறேன்.