சோதனையும் நம் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பல சமயத்தாரும் ஒரு குடும்பமாய்க் கூடியிருக்கும் இவ்வவையிலே, சோதனையைப் பற்றிக் கிறிஸ்தவ சமயம் கூறுவது யாது என்பதைச் சுருக்கமாக எடுத்துரைக்குமாறு எனக்குப் பணித்துள்ளார்கள். சோதனை என்று நான் இங்குக் குறிப்பது, நமக்கு நேரும் துன்பத்தையன்று. தவறென்று நன்கறிந்த ஒன்றை நோக்கி நம் மனத்தை ஈர்க்கும் கவர்ச்சியையே குறிக்கின்றேன்.

விவிலியத்தின் முதல் நூல் ஆதியாகமம். விலக்கப்பட்ட கனியை உண்டது ஏன் என்று கடவுள் வினவியபோது, ஆதாம் தன் மனைவியைச் சுட்டுகிறான்; அவளைத் தனக்குத் துணையாகத் தந்த கடவுளையும் சேர்த்தே குறை கூறுகிறான். ஏவாளோ பாம்பைச் சுட்டுகிறாள். கனியை உண்டது முதற்பிழை. அப்பிழையைப் பிறர் தலையில் ஏற்றியது இரண்டாம் பிழை. இவ்விரண்டாம் பிழையன்றோ இன்றும் நம்மிடையே பெருவழக்காய் இருப்பது! "காலம் அப்படி", "எல்லாரும் செய்கிறார்கள்", "குடும்பத்துக்காகத்தான் செய்தேன்" என்பனவெல்லாம் ஆதாம் கூறிய மறுமொழியின் வழித்தோன்றல்களே.

புதிய ஏற்பாட்டிலே யாக்கோபு எழுதிய நிருபம் இவ்வழியை அடைத்துவிடுகின்றது. கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை. அவரவர் ஆசையே அவரவரை இழுக்கின்றது. அவ்வாசை கருக்கொண்டு பாவத்தைப் பெறுகின்றது. பாவம் முற்றிச் சாவைப் பெறுகின்றது என்பது அவர் துணிபு. இதனுள் ஓர் ஆறுதலும் அடங்கியுள்ளது. கவர்ச்சி தோன்றுவது வேறு. அதற்கு இசைவது வேறு. தலைக்கு மேலே பறவைகள் பறப்பதை நாம் தடுக்க இயலாது. தலைமுடியிலே அவை கூடு கட்டுவதைத் தடுக்க இயலும் என்னும் பழந்துறவியரின் உவமையை மார்ட்டின் லூத்தர் எடுத்தாண்டார். தீய எண்ணம் வந்துவிட்டதே என்று நடுங்க வேண்டுவதில்லை. அதற்கு இருக்கை தருவதும் தராததும் நம் கையில் உள்ளன.

இனி, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு மிகவும் பொருந்திய ஒருவனைக் காண்போம். அவன் யோசேப்பு. 17 வயதளவில் சொந்தத் தமையன்மாராலேயே விற்கப்பட்டு, எகிப்து நாட்டில் போத்திபார் என்னும் அதிகாரியின் இல்லத்தில் அடிமையானவன். நேர்மையால் அவ்வீட்டுப் பொறுப்பு முழுவதையும் பெற்றான். அந்நிலையில் தலைவனின் மனைவி அவனை நாள்தோறும் தவற்றுக்கு அழைத்தாள்.

அவனுக்குச் சாக்குகள் குறைவோ? தந்தை அருகில் இல்லை; உற்றார் இல்லை; இன்னார் மகன் என்று அறிந்தவர் ஒருவரும் அந்நாட்டில் இல்லை. உடன்பிறந்தாரே அவனுக்குக் கொடுமை இழைத்திருந்தனர். "எனக்கு நேர்ந்ததற்கு இது ஈடு" என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அவனோ அவ்வாறு எண்ணினானில்லை. தன்னை நம்பிய தலைவனுக்கும், தான் வணங்கும் கடவுளுக்கும் துரோகம் செய்யலாகாது என்றான். அவளோடு தனித்திருப்பதையும் தவிர்த்தான். ஒருநாள் அவள் அவன் மேலாடையைப் பற்றியபோது, வாதாடி நில்லாமல், ஆடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். சில சோதனைகளை எதிர்த்து நிற்பதினும் அவற்றை விட்டு விலகி ஓடுவதே வீரம்.

அதற்குக் கிடைத்த பரிசு யாது? பொய்ப்பழியும் சிறையும்! பார்வோனின் முன்னிலையில் அவன் உயர்வு பெற்றபோது அவனுக்கு வயது 30. நேர்மைக்கு உடனே ஊதியம் கிடைக்குமென்று விவிலியம் ஆசை காட்டவில்லை. ஊதியம் கிடைக்காத நாளிலும் அது நம் கடமையே என்கிறது.

தாவீது மன்னனின் கதை இதற்கு நேர்மாறானது. படை போர்க்களத்தில் இருக்க, தான் அரண்மனையில் தங்கினான், மாடியிலிருந்து பிறன் மனைவியைக் கண்டான், பார்வை ஆசையாயிற்று, ஆசை அவள் கணவன் உரியாவின் கொலையில் முடிந்தது. ஆனால் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி இடித்துரைத்தபோது, மன்னன் எவர்மீதும் பழி சுமத்தாமல், குற்றம் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டான். தடுக்கி விழுந்தவனுக்கும் பொறுப்பேற்பதே எழும் வழியென்பதை இதனால் அறிகின்றோம்.

மனிதன் தன் வலிமையால் மட்டுமே வெல்வானோ என வினவலாம். அருள் வேண்டும் என்பதே கிறிஸ்தவக் கொள்கை. கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், தாங்கும் அளவுக்கு மேற்பட்ட சோதனையைக் கடவுள் வரவிடார் என்றும், தப்பும் வழியையும் உடன் அமைப்பார் என்றும் உறுதி கூறுகின்றது. வழியை அமைப்பது அவர் அருள். அதில் நடப்பது நம் பொறுப்பு. நெல்லைச் சீமை தந்த கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமானது, ஜான் பனியன் 1678 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கதை. அதிலே, எளிதான வழியென்று நம்பிப் பாதை மாறிய பயணி, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டைச் சிறையில் வாடுகிறான். அதைத் திறக்கும் வாக்குத்தத்தம் என்னும் திறவுகோலோ, அத்தனை நாளும் அவன் மடியிலேயே இருந்தது! கோல் அருளப்பட்டது, பூட்டைத் திறக்க வேண்டியவன் அவனே.

இயேசு பெருமான் பாலைநிலத்தில் 40 நாள் நோன்பிருந்து பசித்த வேளையில் சோதனை வந்தது. மும்முறையும் அவர் உபாகமம் என்னும் திருநூலின் சொற்களாலேயே விடை பகர்ந்தார். அச்சொற்கள் முன்பே நெஞ்சில் பதிந்திருந்தன. நெருக்கடி நேர்ந்த பின் படைக்கலம் தேடுவோர் தோற்பர். ஆதலின், பெற்றோர்களே, உங்கள் மக்களுக்கு நல்லுரைகளை அமைதி நாளிலேயே ஊட்டுங்கள். அவற்றின்படி நீங்களும் நடந்து காட்டுங்கள்.

நம் ஊர்த் தெருவிலே ஆயிரம் கண்கள் நம்மைக் காத்தன. இக்குடியிருப்பிலே அக்கண்கள் இல்லை. கோப்பில் இடும் கையெழுத்துக்காக மேசைக்கடியில் நீட்டப்படும் உறையை வாங்கினாலும், மறுத்தாலும் பாட்டி அறியமாட்டாள். இரவிலே கைபேசியில் பணம் வைத்து ஆடும் இளைஞனைத் தந்தையும் அறியமாட்டார். அவ்வேளையில் காவலாய் நிற்பது நம் மனச்சான்று ஒன்றே. கடவுளின் குரல் அதன் வாயிலாக ஒலிக்கின்றது என்பது எங்கள் சமயத்தின் நம்பிக்கை. எச்சமயத்தாராயினும், "இதற்கு நானே பொறுப்பு" என்று சொல்லும் துணிவை இங்குள்ள ஒவ்வொரு வீடும் தன் மக்களுக்குச் செல்வமாய்ச் சேர்த்துவைக்குமாக.