பல்லின் வலியா, காற்றறையின் வலியா?

(ஏற்காட்டில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இந்தச் சேர்வராயன் மலைமீது நாம் கூடியிருக்கிறோம். வரும் வழியில் பலருக்குக் காது அடைத்திருக்கும்; எச்சில் விழுங்கியதும் திறந்திருக்கும். சிலருக்குக் கன்னத்திலோ மேற்பல்லிலோ வலி தோன்றியிருக்கலாம். அவ்வலி பல்லில் பிறந்ததா, பல்லுக்கு மேலுள்ள காற்றறையில் பிறந்ததா என்பதைப் பிரித்தறிவதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். காற்றறையின் நோயைப் பல்நோய் என்று கொண்டால் நல்ல பல் ஒன்றை வீணே இழக்க நேரும். பல்வேரில் கட்டிய சீழை வெறும் சளி என்று எண்ணி நாள் கடத்தினால், அது முகத்திற்கும் கண்ணைச் சுற்றியும் பரவ நேரும். இரண்டும் தவிர்க்கக்கூடிய துன்பங்களே.

நாம் 'சைனஸ்' என்று வழங்குவது முக எலும்புகளுக்குள் அமைந்த காற்றறைகளை. அவற்றுள் பெரியது மேல்தாடைக் காற்றறை. கன்னத்தின் உள்ளே, கண்ணுக்குக் கீழே உள்ளது. மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் இவ்வறையின் தரையை நெருங்கி நிற்கின்றன. சிலருக்கு இடையில் மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே உண்டு. சிலருக்கு அதுவுமின்றி ஒரு சவ்வு மட்டுமே. மேலும், மேற்பற்களுக்குச் செல்லும் நரம்புகள் இவ்வறையின் சுவர் வழியாகவே செல்கின்றன. ஆகவே அறை வீங்கினால் பல் வலிப்பதாக மூளை உணர்கிறது.

இவ்வுறவை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறும் சுவையானது. இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் ஒரு பெண்மணியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். கோரைப்பல் பிடுங்கப்பட்ட பிறகு அக்குழியிலிருந்து ஓயாது நீர் வடிந்தது. அவர் ஓர் இறகின் தண்டை உள்ளே செலுத்திப் பார்க்க, அது நெடுந்தூரம் சென்றது; மூளையையே தொட்டுவிட்டதோ என்று அஞ்சினார். அங்கிருப்பது இயற்கையாய் அமைந்த வெற்றறையே என்று ஹைமோர் விளக்கி அச்சத்தைப் போக்கினார். அவ்வறைக்கு அவர் பெயரும் வழங்கலாயிற்று.

இனி இம்மலைக்கு வருவோம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் 300 மீட்டருக்கும் தாழ்ந்தது. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. சளியால் வாயில் அடைபட்ட காற்றறையில் உள்ள காற்று, ஏறும்போது விரியும். இறங்கும்போது சுருங்கி உட்சவ்வை இழுக்கும். வானூர்திப் பயணத்தில், காற்றறை வலி பெரும்பாலும் இறங்கும்போதும், சொத்தைப்பல் வலி பெரும்பாலும் ஏறும்போதும் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். மலைச்சாலையில் அழுத்தம் மெல்லவே மாறுவதால் இதை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் நான்கு.

முதலாவது, வலிப்பது ஒரு பல்லா, பல பற்களா? மேற்கடைவாய்ப் பற்கள் பலவும் ஒருசேர மந்தமாக வலித்தால் காற்றறையை ஐயுறலாம். ஒரே பல்லைக் கடிக்கும்போதோ மெல்லத் தட்டும்போதோ வலித்தால் அப்பல்லையே ஐயுற வேண்டும்.

இரண்டாவது, குளிர்நீரும் சூடான காப்பியும் இனிப்பும் வலியைத் தூண்டுகின்றனவா? அவற்றை விழுங்கிய பின்னரும் வலி நீடித்தால் அது பல்லின் குரல்.

மூன்றாவது, குனியும்போதும் படியிறங்கும்போதும் கன்னம் கனத்து வலி மிகுகிறதா? இது காற்றறையின் இயல்பு.

நான்காவது, வலிக்கு முன் மூக்கடைப்பும் சளியும் இருந்தனவா?

வேரில் சீழ் கட்டிய பல்லும் குனியும்போது துடிக்கக்கூடும். ஆதலால் ஒரே அடையாளத்தை நம்பாது நான்கையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கீழ்ப்பல் வலிக்கு மேல்தாடைக் காற்றறை காரணமாவதில்லை. ஆனால் நடக்கும்போது கீழ்த்தாடை வலித்து, ஓய்ந்து நின்றால் குறையுமாயின், அது இதயநோயின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நோய் பல்லிலிருந்து காற்றறைக்கும் ஏறும். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றமுள்ள சளி வருவதும், மருந்துண்டும் மீண்டும் மீண்டும் வருவதும் அதன் அடையாளம். அங்கே பல்லைச் சீர்செய்யாமல் காற்றறை குணமாகாது. பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. ஆகவே, ஐயம் தீராத நிலையில் பல்லைப் பிடுங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எக்ஸ்ரேயோ, தேவையெனில் சி.டி. ஸ்கேனோ எடுத்துப் பார்த்த பின் முடிவு செய்யலாம். பிடுங்கிய பல் திரும்பாது.

சளியால் வரும் காற்றறை வீக்கம் பெரும்பாலும் வைரசால் உண்டாவது. ஏழு முதல் பத்து நாட்களில் தானே தணியும். அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. பத்து நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, குறைந்த நோய் மீண்டும் மிகுந்தாலோ மருத்துவரைக் காண்க. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாதல், கடுங்காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமை ஆகியன தோன்றினால் விடியும்வரை காத்திராமல் புறப்படுக. வலிக்கும் ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பது ஈறைப் புண்ணாக்கும், அவ்வழக்கத்தைக் கைவிடுக.

நிறைவாக, நம் இல்லங்களுக்கென ஒரு சொல். கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவியுங்கள். சில வலிநீக்கி மருந்துகளை வெறும் வயிற்றில் உண்ணலாகாது. கேப்சூல்களின் உறை பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. பல மருந்துகள் மாத்திரை வடிவிலும் கிடைக்கின்றன. கேட்டால் மருத்துவர் அதற்கேற்ப வேளையும் வடிவும் வகுத்துத் தருவார். கேட்கத் தயங்கி, மருந்தைப் பாதியில் நிறுத்துவதே தீங்கு. நோன்பையும் காக்கலாம், பல்லையும் காக்கலாம்.