பாடிய வாய் எழுதவும் வேண்டும்

(காஞ்சியை அடுத்த ஓரிக்கையில் தமிழ்ப் புலவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நூல் என்னும் சொல்லுக்கு இழை என்றும் ஏடு என்றும் இரு பொருள் உண்டு. நெசவாளர் நிறைந்த ஓரிக்கையில் அதனை விளக்க வேண்டுவதில்லை. பாவு இன்றி ஊடை நில்லாது; எழுத்து இன்றி இசையும் நிலைபெறாது. இசைத்தட்டு குரலைக் காக்கும்; பண்ணின் இலக்கணத்தைக் காவாது.

இதனை உணர்ந்து, பாடிய வாயோடு எழுதிய கையும் உடையராய் விளங்கியவர் குடந்தை ப. சுந்தரேசனார். 1914இல் சீர்காழியில் பிறந்தார், 1981இல் மறைந்தார். தேவாரத்தையும் சிலப்பதிகாரத்தையும் பரிபாடலையும் ஊர்தோறும் பாடிக் காட்டினார். அவ்வளவில் அமைந்திருப்பின், கேட்டவர் நினைவில் மட்டுமே வாழ்ந்திருப்பார். அவரோ ‘இசைத்தமிழ்ப் பயிற்சி நூல்’, ‘முதல் ஐந்திசைப் பண்கள்’ முதலியவற்றை எழுதி வைத்தார். மேடையை விட்டு எழுத்துக்குப் போனவர் அல்லர் அவர். மேடையில் கண்டதை நிலைநிறுத்த எழுத்தை நாடியவர்.

ஆய்ச்சியர் குரவையில் ஆயமகளிர் எழுவர், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர் பூண்டு நிற்கின்றனர். அவ்வடிகளுக்குப் புலவர் சொற்பொருள் கூறுவர். அந்நிரலிலிருந்து பண் பிறக்கும் வகையைக் கூறுதற்கோ, பாடத் தெரிந்தவர் வேண்டும்.

1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றிய நாளில், தமிழ்ப்பாட்டுக்காக எழுதுகோல் ஏந்தி வழக்காடியவர் கல்கி. அவர் இதழாளர், மேடைப் பாடகர் அல்லர். அவர் உதவியை மறவோம். ஆயினும், மேடையில் தமிழ் வேண்டும் என்று இதழாளர் எழுதலாம். அத்தமிழின் இசையிலக்கணத்தை இசைவாணரே எழுதுதல் வேண்டும்.

அவர்கள் எழுதாமையால் நேர்வது யாது? இதழ்களின் இசைத் திறனாய்வில் பண் என்னும் சொல்லே அரிதாகிவிட்டது. ஓதுவார் பழம்பஞ்சுரம் பாடுகிறார். எழுதுவோர் சங்கராபரணம் என்று மட்டும் எழுதுகின்றனர். பெயர் போனபின் உரிமை எங்கே நிற்கும்? நாளை நம் பிள்ளைகள், பண் என ஒன்று நமக்கு இருந்ததா என்று கேட்பார்கள்.

ஆதலின், ஓதுவீர்களே, நாகசுரக் கலைஞர்களே, பாடும் இளைஞர்களே! திங்களுக்கு ஒரு பாட்டையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பண், தாளம், கற்பித்த ஆசான், பாடும் முறை ஆகியவற்றைத் தூய தமிழில் எழுதி நம் இதழ்களுக்கு விடுங்கள். நடை அழகாக இல்லையே என்று தயங்க வேண்டா. எழுதியதில் பிழை இருப்பின் புலவர் திருத்துவர். எழுதாமலே விட்டதை எவர் திருத்துவர்?

வாழ்க தமிழ்! வெல்க தமிழிசை!