விளையாட்டு வீரரும் வாழ்நாள் விருதும்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிப்பதை நேயர்கள் அறிவர். முதுமையில் ஒருவரைப் பாராட்டி அளிக்கும் விருதைத் தமிழில் நாம் 'வாழ்நாள் சாதனை விருது' என்கிறோம். தெலுங்கில் அதனையே 'ஜீவித சாபல்ய புரஸ்காரம்' என்பர். மொழிபெயர்ப்புப் பணியில் நாள் கழிக்கும் நமக்கு இவ்விரண்டும் முற்றிலும் ஒன்றெனத் தோன்றுவதில்லை. சாதனை என்பது செய்து முடித்தது. சாபல்யம் என்பது செய்தது பலித்தது. ஜன்ம சாபல்யம் என்று நம் பெரியோர் கூறுவதும் இப்பொருளிலேயாம். செய்து முடித்தவர் எல்லோருக்கும் அது உரிய காலத்தில் பலித்துவிடுவதில்லை. விளையாட்டுத் துறையில் இவ்வுண்மை நன்கு புலப்படும்.

நம் நாட்டில் கிரிக்கெட் ஆட்டத்திற்கென அமைந்த வாழ்நாள் விருது, கர்னல் சி. கே. நாயுடுவின் பெயரைத் தாங்கியது. 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்தில் நம் அணியின் தலைவர் அவரே. 1953 அக்டோபர் முதல் தேதி, சித்தூர் ஜில்லா சென்னை ராஜ்யத்தினின்றும் பிரிந்து புதிய ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. அப்பருவத்திலேயே ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாக இறங்கிய ஆந்திர அணிக்கும், 58 வயதை எட்டிய நாயுடுவே தலைமை ஏற்றார். அவர் பெயரால் கிரிக்கெட் வாரியம் 1994-ல் இவ்விருதை நிறுவி, முதலில் லாலா அமர்நாத்துக்கு வழங்கியது. பின்னர் கவாஸ்கரும் கபில் தேவும் பெற்றனர். புகழின் உச்சியை முன்னரே கண்ட அவர்களுக்கு இது மற்றுமோர் மாலை, அவ்வளவே.

ஆயின், 2017 மார்ச்சில் பெங்களூரில் நடந்த விழாவில் இவ்விருதைப் பெற்ற இருவரின் நிலை வேறு. ராஜீந்தர் கோயல், பத்மாகர் சிவால்கர் என்னும் அவ்விருவரும் இடக்கையால் சுழற்பந்து வீசியவர்கள். இருவரும் ஒரு டெஸ்ட் பந்தயத்திலேனும் ஆடியதில்லை. கோயல் ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வெண்ணிக்கையை இன்றளவும் எவரும் தாண்டவில்லை. சிவால்கரைத் தமிழ் நேயர்கள் எளிதில் மறக்க இயலாது. 1973-ல் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பம்பாய் அணிக்காக வீசிய அவர், தமிழ்நாட்டின் முதல் ஆட்டத்தில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளையும், அடுத்த ஆட்டத்தில் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். நம்மவர்கள் 80 ஓட்டங்களுக்கும் 61 ஓட்டங்களுக்கும் சுருண்டனர். மூன்றாம் நாளின் முதற்பந்தோடு ஆட்டம் முடிந்தது.

இத்தகையோருக்கு இந்திய அணியில் இடம் கிட்டாமற்போனது ஏன்? அதே காலத்தில், அதே இடக்கைச் சுழற்பந்து வீச்சில், பிஷன் சிங் பேடி என்னும் பெருவீரர் திகழ்ந்தார். பதினொருவர் கொண்ட அணியில் அத்தகைய வீச்சாளர் ஒருவருக்கே பெரும்பாலும் இடமுண்டு. 1974-ல் பெங்களூர் டெஸ்டுக்குப் பேடி சேர்க்கப்படாதபோது கோயல் அழைக்கப்பட்டார். ஆயினும் ஆட வாய்ப்பளிக்கப்படவில்லை. திறமை குறைந்ததால் அன்று, காலம் ஒன்றாய் அமைந்ததால் நேர்ந்த இழப்பு இது. அன்றைய தேர்வாளர் அளிக்க இயலாததைப் பின்னாளில் விருது ஓரளவு ஈடுசெய்தது. அதே விழாவில், சென்னையில் பிறந்து, 1976-ல் இந்திய மகளிர் அணியின் முதல் டெஸ்டுக்குத் தலைமை தாங்கிய சாந்தா ரங்கசாமிக்கு மகளிர்க்கான வாழ்நாள் விருது முதன்முறையாக அளிக்கப்பட்டதும் இங்குக் கருதத்தக்கது.

கோயலும் சிவால்கரும் தம் விருதைத் தம் கையால் பெற்றனர். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பக் ஓ'நீல் என்பாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. நீக்ரோ மக்களைப் பெரிய சங்கங்களில் சேர்க்காத காலத்தில், அவர்களுக்கெனத் தனியே அமைந்த அணிகளில் ஆடியவர் அவர். 1962-ல் பெரிய சங்கமொன்றின் அணிக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பின மனிதரும் அவரே. கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் இடம்பெறுதலே அவ்வாட்டத்தின் உயர்ந்த பேறு. 2006-ல் அந்தப் பழைய அணிகளைச் சார்ந்த 17 பேர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; ஓ'நீல் பெயர் விடப்பட்டது. 94 வயதினரான அவர் சிறிதும் மனங்கோணாது விழாவுக்குச் சென்று, அப்பதினெழுவரையும் வாழ்த்திப் பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். அவர் பெயராலேயே வாழ்நாள் விருது ஏற்படுத்தப்பட்டு, 2008-ல் முதல் விருதும் அவருக்கே அளிக்கப்பட்டது. புகழ்மண்டபத்தின் கதவு 2022-ல் திறந்தது.

காலங்கடந்த மதிப்புக்குத் திருப்பதி வட்டாரத்தார் வேறொரு சான்று கூறலாம். 1503-ல் மறைந்த அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள், திருமலைக் கோயிலின் அறையொன்றில் நெடுங்காலம் கிடந்து, 1922-ல் வெளிப்பட்டன. பாடலைச் செம்பு காத்தது. ஆனால் சுழன்று திரும்பிய பந்தை எந்தச் செப்பேடு காக்கும்? எண்கள் ஏட்டில் நிற்கும். அவ்வாட்டத்தின் அழகோ, கண்டவர் நினைவில் மட்டுமே நிற்கும். அவர்களும் மறைந்தபின் அளிக்கும் விருது வெறும் பெயர்ப்பலகையாய் விடும். கோயல் 2020-லும், சிவால்கர் 2025-லும் மறைந்தனர். சற்றே தாமதித்திருப்பின் அம்மேடையும் வெறுமையாய் இருந்திருக்கும்.

நம் இரு நகரங்களின் விளையாட்டுக் கழகங்களுக்கும் இதிலே ஒரு பணி உண்டு. ஜில்லா அணியோடு நின்றுவிட்ட பந்து வீச்சாளர், பள்ளியில் பலரை உருவாக்கிய உடற்பயிற்சி ஆசிரியர், வெயிலில் நின்று தீர்ப்புக் கூறிய நடுவர் ஆகியோர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர். ஆண்டுதோறும் அத்தகைய ஒருவரை அழைத்து ஒரு சால்வையேனும் போர்த்தலாம். அதனினும் முக்கியமாக, இளைஞர் முன் அவரைச் சிறிது நேரம் பேசச் செய்தல் வேண்டும். பந்தை அவர் எவ்வாறு பிடித்தார் என்பதை அவர் கையாலேயே காட்டச் செய்தலும் வேண்டும். அவர் கற்றது மற்றொருவர் கையில் பலிக்குமாயின், அதுவே சாபல்யம்.