இரண்டு ஜூன் 30

(மதுரை கே.கே. நகரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்ணல் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியதே காங்கிரஸ்தான் என்று அடிக்கடி சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அந்தச் சபைக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1946இல் பம்பாய் சட்டமன்றம் காங்கிரஸ் கையில் இருந்தது. அங்கே அண்ணலுக்கு வழியில்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் அலைந்து ஆதரவு திரட்டினார். அண்ணல் முதலில் உள்ளே போனது அந்த வாக்குகளால்தான்.

அடுத்த ஆண்டு பிரிவினை வந்தது. வங்காளம் துண்டானதும் அவருடைய இடமும் போனது. பம்பாயில் எம்.ஆர். ஜெயகர் விலகியதால் ஓர் இடம் காலியாக இருந்தது. 1947 ஜூன் 30 அன்று ராஜேந்திர பிரசாத், பம்பாய்ப் பிரதமர் பி.ஜி. கேருக்குக் கடிதம் எழுதினார் (அன்று மாகாண முதல்வரைப் பிரதமர் என்பார்கள்). ஜூலை 14 கூட்டத்துக்குள் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னார். சட்டமன்றமும் அனுப்பியது. ஆகஸ்டில் அண்ணல் வரைவுக் குழுத் தலைவரானார்.

இதைப் பெருந்தன்மை என்பவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்கட்டும். சபையிலும் குழுக்களிலும் அவர் செய்த வேலையை இழக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள காரணம். தேவை அவர்களுக்கு இருந்தது. ஆனால் சாவியும் அவர்களிடமே இருந்தது, அதுதான் கசக்கிறது. 1952 பொதுத் தேர்தலில் அதே பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளரிடம் அண்ணல் தோற்றார்.

காலியிடத்தின் சாவி யார் கையில் என்ற கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. என் ஆய்வுக்காகத் தேதிகளை வரிசைப்படுத்தியபோது ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களை மிரட்டினார்கள், தேர்தல் தள்ளிப்போனது. கடைசியில் முருகேசன் நின்று வென்றார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கடிதத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டு.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் வேறு வழி. மனுவே போடவிடமாட்டார்கள். அல்லது தாங்களே ஒருவரை நிறுத்தி, பதவியேற்றதும் ராஜினாமா எழுத வைப்பார்கள். சட்டப்படி எல்லாம் நடந்திருக்கும், நாற்காலி மட்டும் காலி. இப்படியே பத்தாண்டு. 2006இல்தான் தலைவர்கள் நிலைத்து உட்கார்ந்தார்கள்.

வரும் ஜூன் 30 அன்று மேலவளவு நினைவிடத்துக்குப் போகிறோம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், மேலூர் வரை சேர்ந்தே போகலாம்.