தேடினது நான், போக வேண்டியது அம்மா

போன மாசம் எங்க சித்திக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சது. அன்னைக்கு ராத்திரி 'மேமோகிராம்', 'மேமோகிராம் வலிக்குமா', 'மேமோகிராம் செலவு'ன்னு வரிசையா கூகுள்ல தேடினேன். அப்புறம் டேப்பை மூடிட்டுப் படுத்துட்டேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலை.

கூகுள் ட்ரெண்ட்ஸ் பார்வையில நான் 'ஆர்வம்' காட்டின ஆள். அந்த ஆர்வத்துக்கு என்ன மதிப்பு? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

ட்ரெண்ட்ஸ், எத்தனை பேர் தேடினாங்கன்னு சொல்லாது. ஒரு ஊர்ல நடந்த மொத்தத் தேடல்ல ஒரு சொல்லோட பங்கு எவ்வளவுன்னு பார்க்கும். நாம கேட்ட காலத்துல உச்சமா இருந்த பங்கை 100ன்னு வச்சு, மத்ததை அதோட ஒப்பிட்டுக் காட்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2013 மே 14. தனக்கு பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருப்பதால், நோய் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு மார்பகத்துலயும் ஆபரேஷன் செஞ்சுகிட்டதா ஏஞ்சலினா ஜோலி 'நியூயார்க் டைம்ஸ்'ல எழுதினாங்க. தேடல் கிராஃப் செங்குத்தா ஏறுச்சு. கொஞ்ச நாள்ல இறங்கிடுச்சு.

இன்சூரன்ஸ் பதிவுகளை வச்சு 2016ல 'பிஎம்ஜே' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. கட்டுரை வெளியான அடுத்த 15 வேலைநாள்ல, அமெரிக்காவுல அந்த மரபணு டெஸ்ட் எடுக்கிற விகிதம் 64 சதவீதம் கூடியிருந்தது. ஆனா டெஸ்ட் எடுத்தவங்கள்ல 60 நாளுக்குள்ள மார்பகத்தை அகற்றிக்கிட்டவங்க 10 சதவீதத்துலேர்ந்து 7 ஆகக் குறைஞ்சிருந்தாங்க. புதுசா வந்தவங்கள்ல பலருக்கு ஆபத்து குறைவா இருந்திருக்கலாம்ங்கிறது ஆய்வாளர்களோட கருத்து.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க வீடு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 54 வயசு, சித்தியோட கூடப்பிறந்த அக்கா. கூகுள்ல கோயில் நடை திறக்கிற நேரம் தேடுவாங்க. 'மேமோகிராம்'னு ஒரு நாளும் தேடினதில்லை. தேடினது நான், போக வேண்டியது அவங்க. கிராஃப்ல அவங்க இல்லவே இல்லை.

அப்போ ட்ரெண்ட்ஸ் வீணா? இல்லைங்க. மக்கள் கவனம் எப்போ திரும்புதுன்னு அது காட்டும். பரிசோதனை முகாம் நடத்துறவங்களுக்கு அது உதவும். எத்தனை பேர் போனாங்கன்னு தெரிய ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத்தான் பார்க்கணும்.

போன சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். வெளிய வந்து, "இதைச் சொல்றதுக்கா மூணு வாரம் முழிச்சிட்டிருந்த?"ன்னு கேட்டாங்க. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கோம்.

இதைக் கேட்டு முடிச்சதும் கூகுளைத் திறக்காதீங்க. அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.